பிள்ளையைக் கையில் தந்தவள்

மருத்துவமாது லக்சனா பிரசவ அறையில் அந்தக் குழந்தையை ஏந்தியபோது அது அழவில்லை. அழாது என்பது முன்னமே தெரியும். காலையில் தோப்பூரிலிருந்து வந்த அசனாவின் வயிற்றில் இதயத்துடிப்பே கேட்கவில்லை. ஆனாலும் லக்சனா ஒரு கணம் காத்திருந்தாள். பிறகு அதன் முகம் துடைத்து, துணியில் சுற்றி, தாயின் கையில் கொடுத்தாள்.

அடுத்த அறையில் வேறொருத்தி வலியில் கத்தினாள். லக்சனா கை கழுவிக்கொண்டு ஓடினாள். அங்கே பிறந்த குழந்தை வீறிட்டு அழ, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. தொலைபேசியும் எடுக்கவில்லை. கூட வேலை செய்யும் தோழி பரீதா அவளைத் தேடித் தம்பலகாமத்திலுள்ள வீட்டுக்குப் போனாள். தலை வாராமல் குசினியில் அடுப்பருகே சுவரில் சாய்ந்திருந்தாள் லக்சனா.

"நான் சிரிச்சனான், பரீதா. அந்தப் பிள்ளை அங்க கிடக்க, நான் இங்க சிரிச்சனான்."

பரீதா அவள் முன்னால் குந்தினாள். "அப்பிடியான நாளையில நானும் பஸ்ஸில அழுதழுதுதான் வீட்ட போறது. ஒருத்தரிட்டயும் சொன்னதில்ல" என்றாள்.

லக்சனா நிமிர்ந்து பார்த்தாள். "அசனாவைப் பாக்கோணும். என்னோட வருவீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை இருவரும் தோப்பூருக்குப் போனார்கள். அசனாவின் கணவன் இன்பாஸ் கதிரைகளை இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றான். அசனா மெல்லக் கேட்டாள்.

"மிஸ்ஸி, நெஞ்சு கல்லு மாதிரி இரிக்கு. மௌத்தான பிள்ளைக்கும் பால் வருமா?"

"வரும் அம்மா. உடம்புக்குத் தெரியாதுதானே."

லக்சனா துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து அவள் மார்பில் வைத்தாள். காய்ச்சல் வந்தால் உடனே வரச் சொன்னாள். அசனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளையப் பாக்க வேணாம் எண்டுதான் எல்லாரும் சொன்னாங்க. நீங்கதான் என்ட கையில தந்தீங்க. வாப்பாட மூக்கு, என்ன?"

"ஓம்." லக்சனா கண்ணீரைத் துடைத்தபடி மன்னிப்புக் கேட்டாள்.

"அழுங்க மிஸ்ஸி. இந்த வீட்டில எல்லாருக்கும் எனக்கு முன்னால அழப் பயம்."

திரும்பும் வழியில் தோழிகள் ஒன்று பேசி முடிவெடுத்தார்கள். இப்படி ஒரு குழந்தையை ஏந்தியவள் அடுத்த பிரசவத்துக்குப் போகக் கூடாது. மற்றவள் போக வேண்டும். பொறுப்புத் தாதியும் அதற்கு ஒத்துக்கொண்டார்.

அந்த மாதமே பரீதாவுக்கும் அழாத ஒரு குழந்தையை ஏந்த நேர்ந்தது.

"நீங்க போய் இருங்க. அடுத்தத நான் பாக்கிறன்" என்று லக்சனா அவளை அனுப்பினாள். வேலை முடிந்து ஓய்வறைக்குப் போனபோது, பரீதா முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். லக்சனா கதவைச் சாத்திவிட்டு அவளருகில் உட்கார்ந்தாள்.