மரண அறிவித்தலுக்குப் பிறகு ஒரு கொரியப் பாட்டு

வசந்தமலர் செய்த குற்றம் இவ்வளவுதான்: வானொலியில் ஒரு மரண அறிவித்தலை வாசித்து முடித்த கையோடு கொரியப் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டார். ஆளைக் கொன்றவனைக்கூட நம்மவர்கள் இவ்வளவு ஏச மாட்டார்கள். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து சூரிச் வரை தொலைபேசிகள் அலறின.

தென் லண்டன் நோர்பரியில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் இருந்தது அந்தத் தமிழ் வானொலி. ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை, ஒன்பது வருடமாக, வசந்தமலரின் நேரம். நேயர் விருப்பம், பிறந்தநாள் வாழ்த்து, இடையிடையே மரண அறிவித்தல். மற்ற ஆறு நாளும் அவர் நியூ மோல்டனில் மிஸஸ் பாக் என்ற கொரியப் பெண்ணின் உலர்சலவைக் கடையில் ஊராரின் கோட்டுகளுக்கு அயன் போடுகிறவர். அங்கே அவருக்குப் பெயர்கூடக் கிடையாது. வாடிக்கையாளர்கள் ‘எக்ஸ்கியூஸ் மி’ என்பதோடு சரி. ஞாயிறு மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் ஐரோப்பா முழுவதற்கும் ‘வசந்தமலர் அக்கா’. கணவர் இறந்து, மகள் லக்‌ஷிகாவும் கலியாணமாகி சட்டன் என்ற ஊருக்குப் போன பிறகு, அவருக்கென்று மிஞ்சியது அந்த இரண்டு மணித்தியாலம்தான்.

அறிவித்தல் வாசித்து முடிந்ததும் இரண்டு நிமிடம் வீணை ஒலிக்க வேண்டும், வாய்ப்பாட்டு கூடவே கூடாது என்பது நிலைய முதலாளி அம்பலவாணன் போட்ட சட்டம். யாரோ ஒருவர் முன்பொருமுறை சினிமா டூயட்டைப் போட்டு, செத்தவரின் சகலன் வந்து நிலையக் கதவை உதைத்ததிலிருந்து அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது. வசந்தமலர் அதை ஒருநாளும் மீறியதில்லை.

அந்த ஞாயிறு வந்தது யோகலிங்கத்தின் அறிவித்தல். யாழ்ப்பாணம் இணுவிலைப் பிறப்பிடமாகவும், லண்டன் ஃபாரஸ்ட் கேட்டை வசிப்பிடமாகவும் கொண்டவர். நகுலேஸ்வரியின் அன்புக் கணவர். கிருஷ்ணராசாவின் பாசமிகு சகோதரர். உறவெல்லாம் அடுக்கி முடித்து வீணை சிடியைத் தட்டினால், அது ஒரே இடத்தில் நின்று விக்குகிறது. வானொலியில் மௌனம் நீண்டால் ஆட்கள் அடுத்த நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்கள். வசந்தமலர் கைப்பைக்குள் கையை விட்டார். முதல்நாள் மிஸஸ் பாக் கொடுத்த சிடி அகப்பட்டது.

ஒரே பாட்டுள்ள சிடி. அந்த 2006ஆம் ஆண்டுதான் சியோலில் வெளிவந்து, மிஸஸ் பாக்கின் தங்கை தபாலில் அனுப்பியது. பாடியவள் இருபது வயதுக்காரி, தலைமயிருக்குச் சிவப்புச் சாயம் பூசியவள். ஆனால் பாட்டின் தொடக்கத்தில் வருவது கயாகும் என்ற பழைய வாத்தியம், பன்னிரண்டு தந்தி, மடியில் கிடத்தி மீட்டுவது. வீணைக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிடலாம். ஒன்றரை நிமிடத்துக்குக் குரலே கிடையாது என்பது சனிக்கிழமை முழுக்கக் கடையில் கேட்ட வசந்தமலருக்குத் தெரியும். குரல் வருமுன் இறக்கிவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது.

தந்திகள் முடிந்தன. ஹேகும் என்ற இரண்டு தந்தி வாத்தியம் ஒன்று கீறிக்கொண்டு எழுந்தது. பின்னால் டிரம்ஸ் விழுந்தது. அந்தப் பெட்டை அடிவயிற்றிலிருந்து குரலெடுத்தாள். வசந்தமலரின் விரல் ஒலியைக் குறைக்கும் விசையின்மேல்தான் இருந்தது. இறக்க மனம் வரவில்லை. நாலு நிமிடமும் ஓடவிட்டார்.

திங்கட்கிழமை அம்பலவாணன் கூப்பிட்டனுப்பினார். செத்தவரின் அண்ணன் கிருஷ்ணராசா என்றால் லேசுப்பட்ட ஆளில்லை. மூன்று கடைகளுக்குச் சொந்தக்காரர், வானொலியில் அரை மணிக்கொருதரம் அவர் விளம்பரம்தான்.

“நீர் என்ன வேலை பாத்தனீர், வசந்தா? தம்பியின்ரை சாவுக்கு டிஸ்கோ போட்டிட்டாள் எண்டு மனுசன் துள்ளுறான்.”

“அது டிஸ்கோ இல்லையண்ணை. ஒப்பாரி மாதிரி ஒண்டு.”

“சீனப் பாட்டிலை என்ன ஒப்பாரி?”

“கொரியா, அண்ணை.”

“எந்தக் கோதாரியோ! வாற ஞாயிறு இதை அப்பிடியே வாசியும். இல்லாட்டி அடுத்த கிழமையிலையிருந்து வர வேண்டாம்.” ஒரு கடதாசியை நீட்டினார். ‘அறிவீனத்தால் இழைத்த தவறுக்காகத் தலைவணங்கி’ என்று தொடங்கியிருந்தது.

அறிவீனம்! ஒன்பது வருடத்தில் ஒரு பெயரைக்கூடப் பிழையாக உச்சரிக்காதவருக்கு அந்தச் சொல் சுட்டது. கோபத்தில் அன்று இரண்டு சட்டைக் கழுத்துகளைக் கருக்கிவிட்டார். ஆனாலும் புதன்கிழமை வரை வாசித்துவிடத்தான் நினைத்திருந்தார். ஒரு நிமிட வேலை. வாசித்தால் ஞாயிறு நிலைக்கும். வியாழக்கிழமை கடையில் கூட்டமில்லாத நேரம், பாட்டின் பொருளை வரிவரியாகச் சொல்லும்படி மிஸஸ் பாக்கைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரின் இங்கிலீஷும் நொண்டி. ஒரு சொல்லுக்கு மிஸஸ் பாக் தொண்டையைப் பிடித்துக் காட்டினார், இன்னொன்றுக்கு மேசையில் அலையடித்துக் காட்டினார். கடைசி வரியைச் சொல்லும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது. பற்றுச்சீட்டின் பின்பக்கம் எழுதி முடித்ததைத் தமிழில் வாசித்துப் பார்த்த வசந்தமலர், அம்பலவாணனின் கடதாசியைத் தான் வாசிக்கப்போவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தார். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை கடந்தது. கண்ணாடிக்கு அப்பால் அம்பலவாணன், தொலைபேசிகளுக்குப் பக்கத்தில். வசந்தமலர் மைக்கை நெருங்கினார்.

“நேயர்களே, மன்னிப்புக் கேக்கச் சொல்லி ஒரு கடதாசி தந்திருக்கினம். நான் கேக்கப்போறதில்லை. விளங்காத பாட்டைப் போட்டதுதானே கோவம்? இண்டைக்கு விளங்கப்படுத்துறன். கேளுங்கோ.”

அம்பலவாணன் கண்ணாடியில் தட்டினார். வசந்தமலர் வாசித்தார்:

“கடலுக்குப் போனவன் கரைக்கு வரவில்லை.
ஊர் தூங்குகிறதாம், மெல்ல அழட்டாம்.
அலைக்கு யாராவது சொன்னார்களா, மெல்ல அடி என்று?
எழும்பட்டும் ஊர்.
என் தொண்டைக்குள் கிடப்பதும் கடல்தான்.”

தொலைபேசி விளக்குகள் ஒன்று விடாமல் எரிந்தன. ஃபாரஸ்ட் கேட் அழைப்பு ஒன்றை அம்பலவாணன் வேண்டுமென்றே முதலில் இணைத்தார்; செத்த வீட்டிலிருந்தே ஏச்சு விழட்டும் என்று.

“நான் யோகலிங்கத்தின்ரை மனுசி, நகுலேஸ்வரி கதைக்கிறன்.”

“சொல்லுங்கோ அம்மா” என்றார் வசந்தமலர்.

“உங்களை ஏசினது இவரின்ரை அண்ணர். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. இவர் போய் ஒன்பது நாளாச்சு. எரிக்கிறதுக்கு நாளையிண்டைக்குத்தான் தேதி கிடைச்சிருக்கு. வீடு நிறைய ஆக்கள். நான் வாயைத் திறந்தா, சுவர் மெல்லிசு, பக்கத்து வீட்டுக்காரன் கவுன்சிலுக்கு அடிச்சுச் சொல்லிப்போடுவான் எண்டு வாயைப் பொத்துகினம். இருபத்தெட்டு வருசம் சீவிச்ச மனுசனுக்கு நான் தலையணைக்குள்ளை முகத்தை வைச்செல்லோ அழுறன்.” மூச்சு வாங்கியது. “போன ஞாயிறு குசினிக்குள்ளை ரேடியோ கேட்டனான். அந்தப் பிள்ளை கத்தினதிலை ஒரு சொல்லும் எனக்கு விளங்கேல்லை. ஆனா எனக்காகத்தான் கத்துது எண்டு விளங்கிச்சு. அதை இன்னொருக்காப் போடுங்கோ அக்கா. பலமாப் போடுங்கோ.”

கதவு திறந்தது. அம்பலவாணன் உள்ளே வந்தார், செல்போன் இன்னும் காதில். கிருஷ்ணராசாவின் கத்தல் அதற்குள்ளிருந்து வெளியே கேட்டது. முதலாளியின் முகம் வெளிறியிருந்தது. அந்த மனிதர் கெட்டவரில்லை, பயந்தவர்.

“இதுதான் உம்முடைய கடைசி நிகழ்ச்சி, வசந்தா. நிப்பாட்டும்.”

ஒன்பது வருடம் அந்த ஒரு சொல்லில் போய்விட்டது. வசந்தமலருக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மைக் திறந்தே இருந்தது.

“பன்னிரண்டுக்கு இன்னும் பதினொரு நிமிசம் கிடக்கண்ணை. பாட்டு நாலு நிமிசம்தான். ரெண்டு தரம் போடலாம்.”

பாட்டைத் தட்டினார். தொலைபேசி இணைப்பை அவர் துண்டிக்கவில்லை. தந்திகள் முடிந்து அந்தப் பெட்டை குரலெடுத்ததும், ஃபாரஸ்ட் கேட்டில் நகுலேஸ்வரியும் குரலெடுத்தார். பின்னால் யாரோ ஒரு ஆண், “மெல்ல, பிள்ளை, மெல்ல” என்றது ஐரோப்பா முழுக்கக் கேட்டது. நகுலேஸ்வரி இன்னும் பலமாக அழுதார்.