படிக்கட்டில் எடுத்த தண்ணீர்

1
இந்தக் கதை ஓர் அறிவிப்புப் பலகையில் பிறந்தது. 'பரிசோதித்த மாதிரிகளில் நச்சு எதுவும் காணப்படவில்லை' என்று ஒட்டியிருந்தார்கள். படித்துவிட்டு நிம்மதியாக ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன். வீடு திரும்பும் பாதி வழியில்தான் உறைத்தது: தண்ணீர் நல்லது என்று அதில் எங்குமே இல்லை. அதை நானாகச் சேர்த்துப் படித்திருக்கிறேன்.

2
ஆற்றின் கண்ணீரைத் துடைக்க யாருமின்றி...

(வேண்டாம். ஆறு அழுது நான் பார்த்ததில்லை.)

அறிக்கை எழுதுபவர் ஒருவர். மனைவி, கைக்குழந்தை. அவர் அலுவலகத்தில் ஆற்று நீர் மாதிரியைப் படிக்கட்டில்தான் எடுப்பார்கள். அங்கேதான் கால் வழுக்காது. சாயப்பட்டறைக் கழிவு கலப்பது ஆற்றோட்டத்தில் இருநூறு அடி கீழே. ஊர்க் குழாய்க்குத் தண்ணீர் இறைப்பது அதற்கும் கீழே. பதினோரு வருடமாக யாரும் பொய் சொல்லவில்லை.

(அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. தூங்கும் குழந்தைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நகம் வெட்டுகிறவர்.)

3
இந்த வருட அறிக்கை மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. மனைவி காலிப் புட்டியோடு வந்தாள்.

"ஏங்க, பாப்பாவுக்குப் பால்மாவு கலக்கணும். குழாய்த் தண்ணி கொடுக்கலாமா?"

"மாதிரியில ஒண்ணும் இல்லம்மா."

"அவ மாதிரியவா குடிக்கப் போறா?"

"அறிக்கையில ஒரு வார்த்தை தப்பு கிடையாது."

"கல்யாணத்துக்கு முன்னாடி குறட்டை உண்டான்னு கேட்டேன். 'இதுவரைக்கும் யாரும் புகார் சொன்னதில்ல'ன்னீங்க. தனி ரூம்ல தூங்கின மனுஷன்!"

அவர் சிரிக்கவில்லை.

4
முதல் முடிவு: 'மாதிரிகள் படிக்கட்டில் மட்டும் எடுக்கப்பட்டவை' என்று அவர் ஒரு வரி சேர்க்கிறார். (மேலதிகாரி அதை அடித்துவிடுவார். அவருக்கும் குழந்தைகள் உண்டு என்று எழுதினால் கதை நீளும்.)

இரண்டாம் முடிவு: கையெழுத்துப் போடுகிறார். குழந்தைக்கு எதுவும் ஆனதாகத் தெரியவில்லை.

'தெரியவில்லை' என்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். பேனாவை மூடி வைத்தேன். அறிக்கை எழுதுபவர் இப்போது நான்தான்.

5
ஆகவே முடிவு இல்லை. நடந்தது மட்டும்: அவர் எழுந்து போய்க் குழாயில் ஒரு தம்ளர் பிடித்தார். தானே குடிக்கப் போனார். மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் இருவர் கையிலும் சிந்தியது.

"கொடுக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தை."

அவர் வாயைத் திறக்கிறார். அந்த வார்த்தையை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். 'காணப்படவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். குழந்தை பசியில் அழுகிறாள்.