முக்கால் மாத்திரை

வாத்தியாருக்குக் கணக்கு வராது என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த சங்கதி. கட்டுரையும் செய்யுளும் நடத்தி நிம்மதியாக இருந்த மனிதர். கணக்கு டீச்சர் பிரசவத்துக்குப் போனதும், வேறு ஆள் அகப்படாமல் நாலாம் வகுப்புக் கணக்கை இவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

அவர் ஒரே ஒரு விதியை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார். பின்னத்தில் மேலே எதால் பெருக்குகிறாயோ, கீழேயும் அதாலேயே பெருக்கு. சமமான பின்னங்களுக்கு அது சரிதான். அரையை அப்படி நாலால் பெருக்கினால் எட்டில் நாலு வரும். பார்க்கப் பெரிய இடமாகத் தெரியும், உள்ளே அதே அரைதான்.

"மேல இருக்கிறவனுக்குக் குடுத்துட்டு, கீழ இருக்கிறவன வெறும் வயித்தோட விடலாமா?" என்பார்.

"கூடாது சார்" என்று வகுப்பே உருகும். இந்த உருக்கத்தில் ஒரு மாடிவீட்டுப் பையன் அழுது அடம்பிடித்து, அவன் அப்பா கீழ்வீட்டுக்கும் சேர்த்து வெள்ளையடித்துக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பாடம், பின்னத்தை முழு எண்ணால் பெருக்குவது. அதில் மேலே மட்டும் பெருக்கியிருந்தார்கள். வாத்தியார் அதை அச்சுப்பிழை என்று தீர்மானித்து, எல்லாப் புத்தகத்திலும் பேனாவால் திருத்த வைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மனைவிக்கு வலது கை நடுங்கத் தொடங்கியது. சட்டைக் கம்பெனியில் காஜா போடுகிறவள் அவள். பொத்தான் நுழையும் துளைக்கு ஓரம் தைக்கிற வேலை. ஊசி ஒரு நூல் விலகினாலும் சட்டை வீண். சூப்பர்வைசர் இரண்டு நாள் பார்த்தான்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் சமாளிக்கறேன்க்கா. அதுக்குள்ள கை நிக்கணும். அப்புறம் வேற ஆள் போட்டுடுவாங்க."

டாக்டர் முதலில் தினம் கால் மாத்திரை கொடுத்தார். உடம்பு தாங்குகிறது என்று தெரிந்ததும், "இனிமே மூணு மடங்கா குடுங்க" என்றார்.

வாத்தியார் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கால் என்றால் நாலில் ஒன்று. மேலே மூன்றால் பெருக்கு, மூன்று. கீழேயும் மூன்றால் பெருக்கு, பன்னிரண்டு. ஆகப் பன்னிரண்டில் மூன்று. மாத்திரையைப் பிளேடால் பன்னிரண்டாக அரிந்து, மூன்று துணுக்கை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"என்னங்க இது, மாத்திரையா, மூக்குப்பொடியா?"

"எண்ணிப் பாரு. நேத்து ஒண்ணு, இன்னிக்கு மூணு."

"கை அப்படியேதானே ஆடுது."

"மருந்துக்கும் ரோஷம் உண்டு. சந்தேகப்பட்டா வேலை செய்யாது."

ஒருநாள் மின்விசிறிக் காற்றில் ஒரு துணுக்கு பறந்து விழுந்தது. அதைத் தூக்கிப்போன எறும்பு அதன்பிறகு வரிசை பிசகாமல் அளவுகோல் வைத்ததுபோல நடந்ததாகக் கேள்வி. அவள் கைதான் நடுங்கியபடி இருந்தது. மாதமும் முடிந்தது.

டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, "எப்படிக் குடுக்கறீங்க?" என்று கேட்டார். வாத்தியார் காகிதப் பொட்டலத்தைப் பெருமையாகப் பிரித்தார். டாக்டர் மூன்று துணுக்குகளைப் பேனா முனையால் ஒன்றாகத் தள்ளினார்.

"இது கால் மாத்திரை சார்."

"மூணு துண்டு இருக்கே டாக்டர்."

"மூணாப் போன கால். துண்டப் பொடிசாக்கக் கூடாது சார். அதே அளவுத் துண்டு, மூணு. நாலுல மூணு, முக்கால்."

அவள் ஆடுகிற கையை மற்றக் கைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் வகுப்பில், கீழே இருப்பதைத் தொடாதீர்கள் என்றார் வாத்தியார்.

"அப்ப அவன் வயிறு சார்?" என்றாள் முதல் வரிசைப் பெண்.

"அவன் சாப்பிட வரலம்மா. துண்டு எத்தனை பெருசுன்னு சொல்ல வந்தவன். எத்தனை துண்டுன்னு மேல இருக்கிறவன்தான் சொல்லணும்" என்றார்.

முக்கால் மாத்திரையில் ஒரே வாரத்தில் கை நின்றது. இருவரும் கம்பெனிக்குப் போனார்கள். அவள் மெஷினில் வேறொருத்தி குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

சூப்பர்வைசர் அவள் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தான். காகிதத்தை விரல்மேல் வைத்தும் பார்த்தான். அசையவில்லை.

"நல்லாயிருக்குக்கா. போன வாரம் இந்தக் கையோட வந்திருக்கக் கூடாதா?"

வாத்தியார் என்னவோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க சும்மா இருங்க" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய சட்டைகளை எல்லாம் எடுத்துப் போட்டு, ஊசியும் நூலுமாக உட்கார்ந்தாள். கையாலேயே காஜா போட ஆரம்பித்தாள். காலரில், பையில், முதுகில், அக்குளில். ஒவ்வொன்றும் அச்சில் வார்த்தது போல. சாப்பிடக் கூப்பிட்டதற்கும் எழுந்திருக்கவில்லை.

காலையில் வாத்தியார் அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். தெருமுனையில் செய்தித்தாள் போடுகிறவன் சைக்கிளை நிறுத்தி, "என்ன சார், சட்டை பூரா ஓட்டை?" என்றான்.

"வீட்ல தைச்சது" என்றார் வாத்தியார். முதுகில் குளிர்காற்று துளைதுளையாக ஏறியது.