மாமியார் வந்து போன மத்தியானங்கள்

அழகர்சாமியின் நெஞ்சின்மேல் அவன் மாமியார் முதன்முதலாக ஏறி உட்கார்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மூன்று மணிக்கு. விசாலாட்சி அம்மாள் காலமாகி அப்போது நான்கு வருடம் முடிந்திருந்தது.

சாங்கி விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் அவனுக்கு ராத்திரி ஷிப்ட். காலை எட்டரைக்கு பஃப்பலோ ரோட்டு வீட்டுக்கு வந்து, குளித்து, நாலு இட்லியை உள்ளே தள்ளிவிட்டுப் படுத்தால் மூன்று மணிக்கு எழுவான். அன்றைக்கும் விழிப்பு வந்தது, உடம்புதான் கூட வரவில்லை. ஃபேன் சுற்றுவது தெரிகிறது. கீழே தேக்கா மார்க்கெட்டில் லாரி பின்னால் வரும் சத்தம் கேட்கிறது. ஆனால் சுண்டுவிரலைக்கூட அசைக்க முடியவில்லை. வாயைத் திறந்து கத்தப் பார்த்தால் வாயே திறக்கவில்லை. நெஞ்சில் அரிசி மூட்டையை இறக்கி வைத்தது போல் ஒரு பாரம், அந்தப் பாரத்துக்குப் பச்சைச் சேலை வேறு. முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. பார்க்கத் தேவையும் இல்லை. உயிரோடு இருந்தபோதே பதினைந்து வருடம் அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த மனுஷி, எடை தெரியாதா என்ன?

மதுரைப் பக்கத்திலிருந்து கடல் தாண்டிப் பிழைக்க வந்தவனுக்கு, இங்கேயே பிறந்து வளர்ந்த மகளைக் கொடுக்க அந்த அம்மாளுக்கு மனசே இல்லை. ‘ஊர்க்காரப் பையன்’ என்றுதான் கடைசிவரை எல்லாரிடமும் சொன்னார். ஆனால் தீபாவளிக்குத் தீபாவளி அவனுக்குத்தான் முதல் சட்டை எடுப்பார், அதுவும் பெற்ற மகனுக்கு எடுப்பதைவிட விலை கூடுதலாக. வாய்க்கும் மனசுக்கும் சம்பந்தமில்லாத பிறவி.

ஒரே மாதத்தில் ஐந்து தடவை வந்துவிட்டார். கூட வேலை செய்யும் ரமீஸ், “அது அமுக்குவான் பேய்டா, எங்க வீட்லயும் சொல்வாங்க. மொதல்ல போய் டாக்டரப் பாரு லா” என்றான். பாலிகிளினிக் டாக்டர் பேயும் இல்லை பிசாசும் இல்லை என்றார். மூளை முழித்துக்கொள்கிறது, உடம்பு முழிக்க மறந்துவிடுகிறது, ஷிப்ட் வேலையில் தூக்கம் கெட்டால் இப்படி வருவதுண்டு, மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள் என்று அனுப்பிவிட்டார். அப்படியே படுத்தான். மாமியார் வரத்து நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது வேடிக்கையாக இருக்கட்டுமே என்று பெண்டாட்டியிடம் சொல்லித் தொலைத்தான்.

மோகனப்பிரியா சிரிக்கவில்லை. குழம்புக் கரண்டி கையிலேயே நின்றது.

“எத்தன தடவ வந்தாங்க?”

“அஞ்சு.”

“அஞ்சு தடவ வந்திருக்காங்க, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.”

“நீ பயந்துடுவேன்னுதான்...”

“எங்கம்மாவப் பாத்து நான் எதுக்குங்க பயப்படணும்? அன்னிக்கும் நீங்கதான் பாத்தீங்க. இப்பவும் உங்ககிட்டதான் வராங்களா?”

‘அன்னிக்கு’ என்றால் எது என்று அவனுக்குத் தெரியும். கொவிட் வருடம் அது. அவள் வேலை பார்த்த இடத்தில் ஒருவருக்குத் தொற்று என்று, பதினாலு நாள் ஓட்டல் அறை ஒன்றில் அவளைத் தனியாக வைத்திருந்தார்கள். ஒன்பதாம் நாள், செம்பவாங்கில் அண்ணன் வீட்டிலிருந்த அம்மாவின் இதயம் நின்றது. சடங்குக்குப் பத்துப் பேர்தான் அனுமதி. மண்டாய் சுடுகாட்டில் அழகர்சாமிதான் போனைத் தூக்கிப் பிடித்து அவளுக்கு வீடியோவில் காட்டினான். அவன் கை நடுங்கிய நடுக்கத்தில் அவள் பார்த்ததெல்லாம் கூரையும் கொஞ்சம் பூவும்தான். அதைப் பற்றி அவள் அவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அதன்பிறகு மூன்று வாரம், லீவு நாளில் அவன் இடத்தில் அவள் மல்லாந்து படுத்துப் பார்த்தாள். நன்றாகக் குறட்டைதான் வந்தது. ஒவ்வொரு முறையும் முகம் தொங்கிப்போய் எழுந்தாள்.

“மூள பண்ற வெளையாட்டுன்னு டாக்டரே சொல்லிட்டாரு, பிரியா.”

“தெரியும் லா. நான் என்ன முட்டாளா? தெரிஞ்சும் மனசு கேக்க மாட்டேங்குது, என்ன பண்ண?”

அழகர்சாமிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. “வியாழக்கெழம உனக்கு லீவுதானே? மத்தியானம் என் பக்கத்துல உக்காந்திரு. நான் மல்லாந்து படுக்கிறேன்” என்றான். சொல்லும்போது வீராப்பாகத்தான் இருந்தது.

கூப்பிட்டதும் வர மாமியார் என்ன டாக்ஸியா? முதல் வியாழன் வரவில்லை. அடுத்த வியாழன், சரியாக மூன்று மணிக்கு விழிப்பு வந்தது, உடம்பு வரவில்லை, நெஞ்சில் பாரம் இறங்கியது.

மற்ற நாளென்றால் எப்படியாவது தப்பிக்க உள்ளேயே முட்டி மோதுவான். இன்றைக்குப் போராடவில்லை. அவள் கேட்டால் முகம் எப்படி இருந்தது என்று சொல்லவாவது வேண்டுமே. பயத்தைக் கடித்து விழுங்கிக்கொண்டு, கண்ணை மட்டும் மெல்ல மேலே உருட்டி நேராகப் பார்த்தான்.

யாரும் இல்லை. பாரம் இருக்கிறது, ஆள் இல்லை. கட்டிலோரம் நாற்காலியில் மோகனப்பிரியா மட்டும் இருந்தாள்.

அவன் மூச்சு மாறியதையும் பாதிக் கண் திறந்திருப்பதையும் அவள் கவனித்துவிட்டாள். உலுக்கினால் விட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். உலுக்கவில்லை. கிட்டே குனிந்தாள்.

“அம்மா, இருக்கியா? நான் பிரியா. அன்னிக்கு ரூம் கதவுகிட்ட எத்தன தடவ போனேன் தெரியுமா? தொறந்துட்டு ஓடி வந்துடலாம்னு பாத்தேன். தைரியம் வரலம்மா. நீ போறதுக்கு மொத நாள் போன் பண்ணப்பகூட, தூக்கம் வருது, அப்புறம் பேசறேன்னு வெச்சுட்டேன். மன்னிச்சிரும்மா.”

இந்தப் போன் விஷயத்தை நாலு வருடத்தில் அவள் அவனிடம் சொன்னதே இல்லை. எழுந்து அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. விரல் அசையவில்லை. கண்ணீர் மட்டும் காதுப் பக்கமாக இறங்கியது.

அதைப் பார்த்துத்தான் அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். உடம்பு சட்டென்று திரும்பி வந்தது.

“இருந்தாங்களா?”

அவன் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினான். “இருந்தாங்க.”

“என்ன சொன்னாங்க?”

பதினைந்து வருடம் அந்த வாயிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன், யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

“‘கிறுக்கி, நீ கதவத் தொறந்து ஓடி வந்திருந்தா போலீஸ்ல புடிச்சிருப்பாங்க. அந்த மானக்கேட்டுக்கு நான் இன்னொரு தடவ செத்திருக்கணும். தூக்கம் வந்தா தூங்க வேண்டியதுதானே? பெத்தவகிட்ட எதுக்குடி மன்னிப்பு’ன்னாங்க.”

மோகனப்பிரியா பாதி அழுகையில் சிரித்துவிட்டாள். அப்புறம் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“பொய்தானே?”

அவளிடம் பொய் சொல்லி அவன் ஒருநாளும் தப்பித்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டான். “பொய்தான்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை விட்டு எழுந்து, கட்டிலில் அவன் பக்கத்தில் வந்து படுத்தாள்.

“இன்னொரு தடவ சொல்லுங்க.”