பெயர் எழுதாத கேன்

வெர்லின் ஸ்ட்ரௌட் எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை. அறுந்த செருப்பு வார், பாதி தீர்ந்த பசைக் குழாய், மூடி தொலைந்த பாட்டில் எல்லாம் அவருடைய வீட்டுவண்டியின் அடிவயிற்றுச் சாமான் அறையில் பத்திரமாக இருக்கும். ஓய்வு பெற்று, வீட்டை விற்று, நாற்பதடி நீள டீசல் வண்டியே வீடு என்று ஆன பிறகும் அந்தப் புத்தி போகவில்லை.

அரிசோனா பாலைவனத்தில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தபோது ஒரு செவ்வாய்க்கிழமை ஐடஹோவிலிருந்து போன் வந்தது. அவர் மனைவி நோரீனின் அக்கா டெல்ஃபாவுக்கு இனி நாட்கள்தான் கணக்கு என்று அக்கா மகள் ட்ரூடி சொன்னாள். பிறகு போனை டெல்ஃபாவின் வாயருகே வைத்தாள்.

"இந்த நர்சுங்க தலை வாரினா மயிரோட உசுரும் சேர்ந்து வருதுடி. நீ வந்து ஒரு தடவை சுருட்டி விட்டுட்டுப் போ. இந்தக் கோலத்துல நான் எங்கயும் போகமாட்டேன்."

நோரீன் முப்பது வருஷம் முடி அலங்காரக் கடை வைத்திருந்தவள். சனிக்கிழமைதோறும் முதல் நாற்காலி டெல்ஃபாவுக்குத்தான். அவள் உடனே விமானத்தில் போகிறேன் என்றாள். வெர்லின்தான் கேட்கவில்லை. "எதுக்குத் தனியா அலையணும்? வெள்ளிக்கிழமை காலையில உன்னை அவ வாசல்லயே இறக்கிவிடறேன்" என்றார். நோரீன் சுருட்டைக் குழல்களையும் சீப்புகளையும் ஒரு பையில் எடுத்து வைத்தாள்.

புதன்கிழமை சாமான் கட்டும்போதுதான் அந்தச் சனியன் கண்ணில் பட்டது. டீசல் புகையைச் சுத்தப்படுத்த, நீல மூடி போட்ட தனித் தொட்டியில் ஊற்றுகிற யூரியாத் தண்ணீர். அட்டைப் பெட்டியோடு வெயில் படாமல் உள்ளே வைத்திருந்தார். மடக்கு நாற்காலியின் கால் குத்திப் பெட்டி கிழிந்து, தரையெல்லாம் வெள்ளை உப்பாகப் பூத்திருந்தது. மிச்சம் ஒரு கேலன் தேறும். தொட்டியிலும் கொஞ்சம்தான் இருந்தது. வேறு ஆளாக இருந்தால் துடைத்துப் போட்டுவிட்டு, வழியில் புதிதாக வாங்கி நிரப்பியிருப்பான். வெர்லின் அதைக் காலியான பேட்டரித் தண்ணீர் கேன் ஒன்றில் வடித்து, நிறைந்திருந்த பேட்டரித் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே கேன், ஒரே நிறம், ஒரே தெளிவு.

நோரீன் பார்த்துவிட்டாள்.

"யோவ், ரெண்டையும் இப்படி இரட்டைப் பிள்ளை மாதிரி உக்கார வச்சா எது எதுன்னு யாருக்குத் தெரியும்? மேல பேர் எழுது."

"எழுதறேன்."

"உன் 'எழுதறேன்' எனக்குத் தெரியாதா? கல்யாணப் பரிசுக்கெல்லாம் நன்றி எழுதறேன்னு சொல்லி நாப்பத்தொரு வருஷம் ஆச்சு."

அந்த வண்டியில் ஒரு வழக்கம் உண்டு. முன்பு ஒருமுறை தண்ணீர்க் குழாயைக் கழற்றாமலே வண்டியை எடுத்து, பக்கத்து வண்டிக்காரனின் குழாயடியையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து கிளம்புமுன் நோரீன் ஒரு பட்டியலை வரிவரியாகப் படிப்பாள், வெர்லின் 'ஆச்சு' என்று சொல்ல வேண்டும். பதில் வராமல் வண்டி நகராது. புதன் மாலை அவள் பதிமூன்றாவது வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவே பதினான்காவதாகப் பேனாவால் ஒன்று சேர்த்தாள்.

வியாழன் விடியலில் எஞ்சின் உறுமிக்கொண்டிருக்க அவள் படித்தாள்.

"ஆன்டெனா இறக்கியாச்சா?"

"ஆச்சு."

"படி உள்ள போயாச்சா?"

"ஆச்சு."

"கேன்ல பேர் எழுதியாச்சா?"

"ஆச்சு."

எழுதவில்லை. கேனில் எழுதுகிற தடித்த பேனாவைத் தேடினார், கிடைக்கவில்லை, அப்புறம் மறந்தே போனது. இறங்கிப் போய் எழுத இரண்டு நிமிடம் ஆகும். முழங்கால் வலி வேறு. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது, மனமும் போகட்டும் என்று விட்டுவிட்டது. அற்பப் பொய்தான். கல்யாணமான எந்த ஆண் சொல்லாத பொய்?

லாஸ் வேகஸில் யூரியா பம்பு முன்னால் லாரிகள் வரிசை கட்டி நின்றன. "நம்மகிட்டதான் ஒரு கேலன் இருக்கே" என்று நிற்காமல் போனார். நெவாடாவின் வெட்டவெளியில், முன்னும் பின்னும் நூறு மைலுக்கு ஒன்றுமில்லாத இடத்தில், யூரியா தீரப்போகிறது என்று மஞ்சள் விளக்கு எரிந்தது. ஓரம் கட்டினார். நோரீன் இறங்கிச் சாமான் அறையைத் திறந்தாள்.

"எழுத்து எதுவும் காணோமே, வெர்லின்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் தானாக ஓடிவருகிறது.

"தூசியில அழிஞ்சிருக்கும். கதவுப் பக்கம் இருக்கறதுதான்."

அந்த அறைக்கு இருபக்கமும் கதவு. அவர் யூரியாக் கேனை வைத்தது வலப்பக்கம், அவள் திறந்தது இடப்பக்கம். கொண்டுவந்து கொடுத்ததை வாங்கி ஊற்றினார். யூரியா என்றால் மூக்கில் ஏறுகிற நெடி ஒன்று வரும். காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது, முகர்ந்து பார்க்கத் தோன்றவில்லை.

முப்பது மைல் போவதற்குள் சிவப்பு விளக்கு. எஞ்சினை அணைத்துப் போட்டால் சரியாகும் என்று அணைத்துப் போட்டார். அதுதான் வினையாயிற்று. அதற்குப் பிறகு, யூரியா சரியில்லை என்று வண்டியின் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டு, மணிக்கு ஐந்து மைலுக்கு மேல் போக விடமாட்டேன் என்றது. எவ்வளவு மிதித்தாலும் உறுமல்தான், ஓட்டம் இல்லை.

"நான் இறங்கி நடந்தா உனக்கு முன்னாடி போயிடுவேன்" என்றாள் நோரீன். கிண்டலாகத்தான் தொடங்கினாள், முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. மடியில் சுருட்டைக் குழல் பை. போனில் சிக்னல் இல்லை.

ஒரு லாரிக்காரர் சொல்லி அனுப்பி, ஈலி ஊரிலிருந்து மெக்கானிக் வந்து சேர இருட்டிவிட்டது. தொட்டியிலிருந்து ஒரு சொட்டை அளவு பார்க்கும் கண்ணாடியில் வைத்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார்.

"பாதிக்கு மேல வெறும் தண்ணி, ஐயா. தொட்டியைக் கழுவி, கம்ப்யூட்டரைச் சமாதானம் பண்ணி அனுப்ப நாளைக்கு மத்தியானம் ஆயிடும். யாரு ஊத்துனது?"

"கேனை எடுத்துக் கொடுத்தது நான்" என்றாள் நோரீன். "கதவுப் பக்கம்னுதான் சொன்னாரு. நான்தான் மறுபக்கத்துக் கதவைத் திறந்துட்டேன்."

வெர்லின் வாயைத் திறந்தார். மெக்கானிக் முன்னால் வேண்டாம், அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மூடிக்கொண்டார்.

வெள்ளி காலை ஆறு மணிக்கு டெல்ஃபா போய்விட்டாள். ஈலிக்கு இழுத்து வந்து பட்டறை வாசலில் நிறுத்தியிருந்த வண்டிக்குள்தான் அந்தச் செய்தி வந்தது. கடைசிவரை நோரீன் எங்கே வருகிறாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

ஐடஹோ போய்ச் சேர்ந்ததும் சவ அறையில் நோரீன் அக்காவின் முடியைச் சுருட்டி விட்டாள். இரண்டு மணி நேரம் ஆனது. வெர்லின் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சூடா இருக்கா, டெல்ஃபா?" என்று பழக்கத்தில் அவள் கேட்டாள். அப்போது சொல்ல முடியுமா? அடக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், "என் கைதான் தப்பான கேனை எடுத்தது" என்று அவள் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அவர் பக்கத்திலேயே நின்றார்.

மூன்று வாரம் கழித்துக் கிளம்பினார்கள். சாமான் அறையைத் திறந்த வெர்லின் அப்படியே நின்றுவிட்டார். எல்லாக் கேனிலும் நோரீன் கறுப்பு மையால் பெரிதாக எழுதியிருந்தாள். பேட்டரித் தண்ணீர் கேனில், 'இது தண்ணீர். நோரீன், கண்ணைத் திறந்து பார்.'

முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். ஆன்டெனா ஆச்சு. படி ஆச்சு. பதினான்காவது வரி வந்தது.

"கேன்ல பேர் எழுதியாச்சா? அதை நானே எழுதிட்டேன். ஆச்சுன்னு சொல்லு."

வெர்லின் சொல்லவில்லை. எஞ்சினை அணைத்தார்.

"அன்னிக்கு எழுதல, நோரீன்."

"என்னைக்கு?"

"கிளம்பின அன்னிக்கு. ஆச்சுன்னு சொன்னேன். எழுதல. எதுவும் அழியல. எழுதியிருந்தாத்தானே அழியும்."

அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவருக்குப் பிழைத்தோம் என்றிருக்கும். கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். பட்டியலை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"இனிமே நீயே படி. நீயே ஆச்சுன்னு சொல்லிக்கோ."

எழுந்து பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பட்டியலில் அடுத்த வரி, 'இருவரும் இருக்கையில் உட்கார்ந்தாச்சா' என்பது. வெர்லின் அதைப் படித்தார்.