ஒரு பிள்ளைக்கு எரிந்த அடுப்பு

உலை கொதித்துவிட்டது. கழுவிய அரிசியை வைத்துக்கொண்டு சின்னத்தாய் கஞ்சிப்புரை வாசலில் நின்றாள். பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டகைக்குச் சக்குபள்ளம் பக்கத்தில் கஞ்சிப்புரை என்றுதான் பேர். தொண்ணூறு பிள்ளைகள் தட்டோடு முண்டியடித்த வாசல் அது. கொரோனாவில் பள்ளியைப் பூட்டிய பிறகு ஒரே ஒரு பிள்ளைதான் ஏலக்காட்டுப் பாதையில் இறங்கி வருகிறது. அது வந்தால்தான் அரிசி போடலாம். அரிசி போட்டால்தான் அவளுக்கு அன்றைய கூலி.

அடுப்பெரிந்த நாளுக்குத்தான் சமையல்காரிக்குச் சம்பளம் என்பது பழைய சட்டம். பள்ளி மூடியதும் மதியச் சாப்பாட்டு அரிசியையும் பயறையும் பொட்டலம் கட்டி வீடுகளுக்குக் கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பொட்டலத்துக்கு எதற்குச் சமையல்காரி? ஒண்டிக்கட்டையான சின்னத்தாய் மளிகைக் கடைக்காரரின் கண்ணில் படாமல் சுற்றுவழியில் நடக்கப் பழகிக்கொண்டாள்.

அப்போதுதான் ஹெட்மாஸ்டர் மரியஜோசப் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சின்னத்தாயக்கா, சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தியிருக்காங்க. பகல்ல வீட்டுல பொங்கிப்போட ஆளில்லாத பிள்ளை இருந்தா இங்கனயே சமைச்சுக் குடுக்கலாமாம். உங்களுக்கு முழுக் கூலி."

"நம்ம ஸ்கூலுல அப்படி ஒத்தப் பிள்ளைதான சார் இருக்கு?"

"ஒத்தப் பிள்ளைன்னாலும் சரின்னுட்டாங்க. கல்வி ஆபீசுல நாலு தடவை கேட்டு வாங்கியிருக்கேன்."

தனக்காக ஒருவர் நாலு தடவை கேட்டிருக்கிறாரே என்று சின்னத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். "சரி சரி, போய் அடுப்பைப் பத்த வைங்க" என்று அவர் விரட்டினார்.

அந்தப் பிள்ளை மூன்றாம் வகுப்பு ராமலட்சுமி. அப்பன் இல்லை. அம்மா ஈஸ்வரி விடிந்ததும் ஏலக்காய் எடுக்கப் போனால் பொழுது சாயத்தான் தோட்டத்துக் குடியிருப்பு வரிசையான லயத்துக்குத் திரும்புவாள். முதல் நாளே ராமலட்சுமி இடுப்பில் தம்பி அஜய்யைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவனுக்கு மூணு வயசு.

"இவன் நம்ம ஸ்கூலு இல்ல அத்தை. சும்மா கூட வந்தான்" என்று கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

தொண்ணூறு பேருக்குப் பொங்கிய கைக்கு ஒரு பிள்ளையின் அளவு பிடிபடுமா? சோறு சட்டியில் மிஞ்சி நின்றது. "கை தாராளமாயிருச்சு சார்" என்றாள் சின்னத்தாய். மரியஜோசப் சட்டியைப் பார்த்தார், அஜய்யைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல" என்றபடி போய்விட்டார். அதன் பிறகு அவள் கை தினமும் தாராளமாகவே இருந்தது. சாயங்காலம் ஈஸ்வரி வேலிப்பக்கம் நின்று, "உங்க புண்ணியம்க்கா" என்பாள். "உன் பிள்ளை புண்ணியத்துலதான் நான் சாப்பிடுறேன்" என்பாள் சின்னத்தாய். அது உண்மைதான்.

இன்றைக்கு உலைத்தண்ணீர் பாதியாகச் சுண்டிய பிறகும் பிள்ளையைக் காணவில்லை. வந்தது ஹெட்மாஸ்டர்தான்.

"ஈஸ்வரிக்குக் கொரோனா. நேத்து ராத்திரி ஆம்புலன்சுல கொரோனா சென்டருக்குக் கொண்டுபோயிட்டாங்க. பயப்படுற மாதிரி இல்லையாம். ஆனா பிள்ளைக லயத்தை விட்டு வெளிய வரக்கூடாது."

"பிள்ளைகளை யாரு பாக்குறா சார்?"

"ராத்திரிக்குப் பக்கத்து வீட்டுப் பெரியமுத்து கஞ்சி வைக்கிறாராம். பகலுக்குத்தான் ஆளில்லை."

அவர் ஆபீசுக்குப் போன் போட்டபடி வராந்தாவுக்குப் போனார். கெஞ்சுகிற குரல் கேட்டது, பிறகு சிரிப்பும் கேட்டது.

"போடுங்கக்கா அரிசியை! சாப்பாட்டைக் கொண்டுபோய்க் குடுக்கலாமாம். பிள்ளை சாப்பிடுறதை தினம் போட்டோ எடுத்து அனுப்பணும். அப்பத்தான் அது சமைச்ச நாள்."

"அவங்க நல்லா இருக்கணும் சார்" என்றாள் சின்னத்தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு பிடி அரிசியும் சேர்த்துப் போட்டாள்.

லயத்தின் கடைசி வீட்டுக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தது. சோற்றையும் பயற்றுக்கறியையும் படியில் வைத்துவிட்டு இருவரும் தள்ளி நின்றார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு தட்டில் போட்டு அவசரமாகத் தின்றார்கள். மரியஜோசப் படம் எடுத்து அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. அவர் முகம் சுருங்கியது.

"படத்துல ரெண்டு பிள்ளை இருக்காம், கணக்குல ஒண்ணுதானாம். வேற எடுத்து அனுப்பச் சொல்றாங்க. தப்பா எடுத்துக்காதீங்கக்கா. பேசிப் பேசி வாங்கினது, கையை விட்டுப் போயிரக் கூடாது."

சின்னத்தாய் படியைப் பார்த்துக் கூப்பிட்டாள். "ராமலட்சுமி, தம்பியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நிக்கச் சொல்லு தாயி."

வாயில் சோறோடு அஜய் எழுந்துபோய்த் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நின்றான்.

ஒரு வாரம் போனது. ஈஸ்வரிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதென்று சேதி வந்தது. சின்னத்தாய் அன்று முட்டை அவித்து, பிள்ளைகளுக்கு இரண்டாக அறுத்துக் கொண்டுபோனாள். அஜய் தன் பாதியைக் கையில் எடுத்தான். ஹெட்மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து போனை எடுப்பதைப் பார்த்ததும் அதைத் தட்டில் திரும்ப வைத்தான். அவனாகவே தட்டை வாசற்கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, டிரம்முக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

படம் போனது. சரி என்று பதில் வந்தது.

"ரெம்ப நன்றின்னு போடுங்க சார்" என்றாள் சின்னத்தாய்.

மரியஜோசப் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். டிரம்முக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அக்கா, நான் வரலாமா?"