காத்திருந்த முப்பது வேலைகள்

அவளுடைய ஆராய்ச்சிப் பட்டத்துக்குக் கொடுத்த மூன்றாவது கெடு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு முடிகிறது. இனி நீட்டிக்க மாட்டோம் என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். பிள்ளை பெற்று, மாமியாரின் அறுவை சிகிச்சை பார்த்து, ஏழு வருஷமாக இழுத்த இழுப்பு.

மிச்சம் ஒரே ஒரு கணக்கு. ஆராய்ச்சி நிலையத்தில் நூறு கம்ப்யூட்டர்களைக் கோத்து வைத்த கூடத்தில், அதை முப்பத்தோரு வேலைகளாகப் பிரித்துத் திங்கள் காலை வரிசையில் போட்டிருந்தாள். முதல் வேலை தரவுகளைச் சுத்தம் செய்யும்; இரண்டு மணி நேரச் சமாசாரம். அது நல்லபடியாக முடிந்தால்தான் மற்ற முப்பதும் தொடங்கும் என்று நிபந்தனை போட்டவளும் அவளே. ரொம்ப விவரமானவள்!

முடிந்த வேலை பட்டியலில் இருக்காது. திங்கள் மதியம் முதல் வேலையைக் காணோம் என்றதும் முடிந்துவிட்டதென்று நிம்மதியானாள். மற்ற முப்பதும் 'காத்திருக்கிறது' என்றே காட்டின. கூடத்தின் பொறுப்பாளர் வேறு யாருமில்லை, அவள் புருஷன்தான். கூட்டம் ஜாஸ்தி, உன் முறை வரும், பொறு என்றான். புருஷனே சொல்லும்போது தோண்டித் துருவுவானேன் என்று இருந்துவிட்டாள்.

வெள்ளி காலை பத்து மணிக்குப் பாதி கம்ப்யூட்டர்கள் சும்மா கிடந்தன. அப்போதும் முப்பதும் காத்திருந்தன. பழைய பதிவுகளைத் திறந்தாள். முதல் வேலை முடியவில்லை. திங்களன்று பதினொன்று பத்துக்கு நீக்கப்பட்டிருந்தது. நீக்கியவர் பெயர் அவனுடையது. இனி அந்த முப்பதும் உலகம் அழியும்வரை காத்திருக்கும். புதிதாக ஓட்ட இரண்டு நாள் வேண்டும். இருந்தது ஏழு மணி நேரம்.

நேரே அவன் அறைக்குப் போனாள். இயக்குநரின் அவசர வேலைக்கு இடம் வேண்டியிருந்தது, கைக்கு அகப்பட்ட ஒன்றைத் தூக்கினேன், யாருடையதென்று பார்க்கவில்லை, பின்னால் முப்பது தொங்குவது எனக்கெப்படித் தெரியும் என்றான். அந்த நேரத்தில் பன்னிரண்டு பேரின் வேலைகள் ஓடிக்கொண்டிருந்தன, ஏன் இது மட்டும் என்று கேட்டாள்.

"மத்தவங்களோடதத் தொட்டா சண்டைக்கு வருவாங்க. நீன்னா ஒண்ணும் சொல்ல மாட்டேன்னுதான்..."

பாதியில் நிறுத்தினான். ஆனால் சொல்லியாகிவிட்டது.

"அப்ப என்னோடதுன்னு தெரிஞ்சுதான் எடுத்தீங்க."

அவன் மேசையைப் பார்த்தான். உன்கிட்டச் சொல்ல மறந்துபோச்சு என்றான். அவள் திரும்பி வந்து, காத்திருந்த முப்பதையும் ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே நீக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு நீக்கினாள்.

மூன்று மணிக்கு அவன் அவள் அறை வாசலில் தலையை நீட்டினான்.

"அஞ்சு மணிக்கு இனிமே உனக்கு வேலை இல்லல்ல? காப்பகத்துலேர்ந்து பிள்ளைய நீயே கூட்டிட்டு வந்துடு."

ஐந்து மணிக்கு அவள் காப்பக வாசலில்தான் நின்றாள். அவன் போட்ட கணக்கு தப்பவில்லை. அப்போதும் அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவன்மேல் வந்ததைவிட அதிக ஆத்திரம் அவளுக்குத் தன்மேல்தான் வந்தது.